நம்பர் ஒண்ணுதான் சார்

அந்த ஒர்க்ஷாப்பின் பலகையில் தீ ஜுவாலை வரைந்து 'ரேஸ் ஸ்பெஷலிஸ்ட்' என்று எழுதியிருந்தார்கள். ஸ்பெஷலிஸ்டின் வித்தை இவ்வளவுதான்: பழைய டூ ஸ்ட்ரோக் பைக்கின் ஹெட்டை இழைப்பார், சைலன்சரை மாற்றுவார், ஊர் காதைக் கிழிக்கிற மாதிரி முறுக்கிக் காட்டுவார். காலேஜ் பையன்கள் அவரை அண்ணன் என்று கூப்பிட்டுக்கொண்டு சுற்றி நிற்பார்கள். பைக்கை ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் செம்பட்டி ரோட்டில், தக்காளி லாரிகள் கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில், இரண்டிரண்டாக ஓடவிட்டுப் பார்ப்பார்கள். டிராக் ரேஸாம். பரிசு என்று எதுவும் கிடையாது. ஜெயித்தவன் தோற்றவனைப் பார்த்துச் சிரித்துக்கொள்ளலாம், அதற்குத்தான்.

எங்களிடம் சர்ச்சில் முதல் பூசைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு என் மகன் அங்கேதான் போய்க்கொண்டிருந்தான். ஒரு ஞாயிறு முழு வேகத்தில் அவன் ஓட்டிய பைக்கின் எஞ்சின் இறுகிப் பின்சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. அவன் தாரில் தேய்ந்துகொண்டே போய் விழுந்தான். தோள்பட்டை எலும்பு முறிந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் இல்லை. ஆஸ்பத்திரியில் பூசைக்கென்று இஸ்திரி போட்ட சட்டையோடு கிடந்தான்.

ஸ்பெஷலிஸ்ட் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார். எஞ்சின் மேல் குறையே இல்லை, தம்பி கியரைத் தப்பாகப் போட்டுவிட்டான் என்றார். மகனும் தலையை ஆட்டினான். "என் தப்புதாம்ப்பா. அடுத்த தடவ சரியாப் போட்ருவேன்" என்றான். என் காதில் நின்றது அந்த 'அடுத்த தடவ'தான். இந்த ஆளை நம்பி ஏறியதுதான் தப்பு என்று அவன் கண்ணால் பார்த்துவிட்டால் அந்தப் பக்கமே போக மாட்டான் என்று நினைத்தேன்.

நூல் மில்லில் மெயின்டனன்ஸ் பார்க்கிறவன் நான். பேரிங் செத்துப்போவதைப் பார்த்தே வயதானவன். தோளில் கட்டோடு இருந்த மகனை ஒர்க்ஷாப்புக்குக் கூட்டிக்கொண்டு போய், என் முன்னால் எஞ்சினைப் பிரிக்கச் சொன்னேன்.

கூடியிருந்த பையன்கள் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். பெட்ரோலில் ஆயில் குறைவு என்றான் ஒருவன். அன்றைக்கு எலுமிச்சம்பழம் நசுக்கவில்லை என்றான் இன்னொருவன். அவன் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படிக்கிறானாம்.

பிஸ்டனை வெளியே எடுத்தார்கள். அதில் ஒரு கீறல்கூட இல்லை. டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் குறைந்தால் முதலில் பிஸ்டன்தான் கீறும் என்றேன். அடுத்து பிஸ்டனுக்குக் கீழே சுற்றுகிற கிராங்க் தண்டு வந்தது. அதன் இரண்டு பக்கமும் இரண்டு பேரிங். இடது பக்கத்தது விரலால் சுற்றினால் லேசாகச் சுற்றியது. வலது பக்கத்தது அசையவே இல்லை. சூட்டில் நீலம் பாரித்திருந்தது. அதை அறுத்துத் திறக்கச் சொன்னேன். உள்ளே குண்டு ஓடிய தடம் ஒரு பக்கமாக இல்லை. வட்டம் முழுக்க, உள்வளையம் வெளிவளையம் இரண்டிலும், ஒரே மாதிரி தேய்ந்திருந்தது. குண்டு உருள இடமில்லாமல் நெருக்குப்பட்டால்தான் தடம் இப்படி விழும். கியரைத் தப்பாகப் போட்டால் விழாது.

வலது பக்கத்துப் பேரிங் எங்கே வாங்கியது என்று கேட்டேன். ஸ்பெஷலிஸ்ட் பக்கத்துக் கடையைக் காட்டினார். கிணற்று மோட்டார் காயில் கட்டுகிற கடை.

"நம்பர் ஒண்ணுதான் சார். வேணும்னா பாத்துக்கங்க. மோட்டாருக்கு ஓடுறது பைக்குக்கு ஓடாதா?"

நம்பர் ஒன்றுதான். இடது பக்கத்து வளையத்தைத் துடைத்துக் காட்டினேன். நம்பருக்குப் பின்னால் சி த்ரீ என்று வெட்டியிருந்தது. சூடேறி உலோகம் விரியும்போது குண்டு உருள கூடுதல் இடம் விட்டுச் செய்தது என்று அர்த்தம். வலது பக்கத்ததில் நம்பருக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. கத்தரித் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற சாமானை மாட்டிவிட்டு என் பிள்ளையைப் பறக்கச் சொல்லியிருக்கிறார் இந்த மேதை. இதை அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவர் பனியனில் கையைத் துடைத்துக்கொண்டார்.

மகன் இரண்டு பேரிங்கையும் ஒரே கையில் மாற்றி மாற்றிப் பார்த்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அன்றுதான் முகம் தெளிந்திருந்தது. என் பக்கம் திரும்பினான்.

"அப்ப என் தப்பு இல்லையாப்பா?"

"இல்லடா."

"ரெண்டு பக்கமும் சி த்ரீ போட்டா தாங்கும்ல?"

பையன்கள் எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். ஸ்பெஷலிஸ்டும் பார்த்தார், அந்த வெட்கங்கெட்ட மனிதர்.

"பேரிங் தாங்கும். ஒன் தோளுக்கு எந்தக் கடையில சி த்ரீ வாங்குவ?" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை, யோசிக்கவும் இல்லை. 'பேரிங் தாங்கும்' என்றதற்குப் பிறகு அவர்களுக்கு ஒன்றும் காதில் விழவில்லை. சார் சொன்னதையே போட்டுவிடலாம் என்று ஸ்பெஷலிஸ்ட் தாராளமாக ஒப்புக்கொண்டார்.

கட்டுப் பிரித்த பிறகு மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை என்று பொய் சொல்வதில்லை. ரேஸுக்கு என்றே சொல்லிவிட்டுப் போகிறான். எந்தப் பேரிங் போட்டிருக்கிறது என்பதையும் சொல்கிறான், நான் நிம்மதியாக இருப்பதற்காக.