நின்றுபோன கால்

ஆரணியிலிருந்து சென்னை போகும் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஒல்லியான மனிதர். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். வலது காலை ஓயாமல் ஆட்டிக்கொண்டிருந்தார்.

நான் ஒரு தயாரிப்பாளரிடம் கதை சொல்லப் போய்க்கொண்டிருந்தேன். வயது நாற்பத்தெட்டு. இதுவும் தவறினால் மச்சானின் பட்டுப்புடவைக் கடையில் வேலைக்குச் சேர்வதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

"என்னங்க, உதடு அசையுது? சாமி கும்பிடுறீங்களா?" என்றார்.

"தயாரிப்பாளருக்குச் சொல்ற கதைங்க. சொல்லிப் பாத்துகினு இருக்கேன்."

அவர் பல வருடம் உதவி இயக்குநராக இருந்து, சலித்துப்போய் விலகியவராம்.

"கதை கேக்குறவங்க மூஞ்சப் பாக்காதீங்க சார். மரியாதைக்குத் தலையாட்டுவாங்க. காலைப் பாருங்க. ஆடிகினே இருந்தா பேஜாரு. நின்னுச்சுன்னா படம் ஓகே. எங்கிட்ட சொல்லுங்க, பாப்போம்."

சொன்னேன். நாயகன் தன் கல்யாணத்துக்கே தாமதமாக வந்து சேரும் இடத்தில் அவர் கால் சட்டென்று நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"காஞ்சிபுரம்லாம் எறங்கு!" என்று நடத்துநர் கத்தினார்.

"தைரியமா சொல்லுங்க சார்" என்று தோளைத் தட்டிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

தயாரிப்பாளர் பெரிய மேசைக்குப் பின்னால் இருந்தார். பேனாவைக் கீழே போட்டு, எடுக்கிற சாக்கில் குனிந்து பார்த்தேன். மனிதர் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். முழுக் கதையும் கேட்டுவிட்டு, "சொல்லி அனுப்புறோம்" என்றார். இன்னும் அனுப்பவில்லை.

இப்போது மச்சான் கடையில் புடவையை விரித்துப் போடும்போதெல்லாம் வந்தவர்களின் காலைத்தான் பார்க்கிறேன். அன்றைக்கு அவர் கால் நின்றது என் கதைக்காகவா, காஞ்சிபுரத்துக்காகவா?