ஆற்றங்கரைச் சிலைக்கு அளவெடுத்த கதை

‘அனுமதி இலவசம்’ என்று பெரிதாக எழுதி வைத்திருந்ததால்தான் நாங்கள் அந்தப் பூங்காவுக்குள் போனோம். திருப்பூருக்கு வந்த நான்கு வருஷத்தில் எங்களுக்கு இலவசமாகக் கிடைத்தது கொசுக்கடி மட்டும்தான்.

நொய்யல் கரையில் முள்ளை வெட்டி, செம்மண் கொட்டி, புல் வைத்து, எங்கிருந்தோ சிற்பக் கல்லூரிப் பிள்ளைகளை வரவழைத்து, பத்துப் பதினைந்து சிலைகளைச் செய்து நிறுத்தியிருந்தார்கள். பட்டறைகளில் அன்றைக்கு எந்தச் சாயமோ ஆறும் அந்த நிறத்தில் ஓடும். இந்த நாற்றத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு சனங்கள் கலையை ரசிக்கட்டும் என்பது யாருடைய யோசனையோ தெரியவில்லை. அந்த மகாராசன் ஆற்றுப் பக்கம் வந்தே இருக்கமாட்டான்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. என்னைக் கூட்டிக்கொண்டு போனது சித்தி, அம்மாவின் கடைசித் தங்கை. திருநெல்வேலிப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து எங்களுக்குப் பின்னால் வந்து, ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் டெய்லராக இருந்தாள். வயது இருபதுதான். தாத்தா பார்த்து வைத்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தவள். அந்த ஆளுக்கு நாற்பது வயது. முதல் மனைவி கிணற்றில் விழுந்து செத்திருந்தாள். ஏன் விழுந்தாள் என்று ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை, ஆனால் இரண்டாவதாக யாரைக் கொடுக்கலாம் என்று எல்லோரும் யோசித்தார்கள்.

தாத்தா ஒரே ஒரு நிபந்தனை போட்டுத்தான் சித்தியை அனுப்பியிருந்தார். அவளைப் பற்றித் தப்பாக ஒரு சொல் வந்தாலும் போதும், ஊருக்கு வந்து அந்த ஆளுக்கே கழுத்தை நீட்ட வேண்டும். அதனால் சித்திக்குக் கம்பெனி விட்டால் வீடு, வீடு விட்டால் கம்பெனி. ஞாயிற்றுக்கிழமை என்னோடு அந்தப் பூங்காவுக்குப் போவதுதான் அவளுடைய ஊர்சுற்றல்.

சிலைகளில் பாதி எனக்குப் புரியவில்லை. வட்டத்துக்குள் வட்டம், வால் இல்லாத மீன், இப்படி என்னென்னவோ. தண்ணீரை ஒட்டிக் கடைசியாக இருந்தது மட்டும் நன்றாகப் புரிந்தது. கருங்கல்லில் ஒரு பெண் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தூக்கித் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டிருந்தாள். இடுப்புக்கு மேல் துணி இல்லை. கோவில் தூண்களில் இதே மாதிரி எத்தனையோ பேர் நிற்கிறார்கள், யாரும் ஒன்றும் செய்வதில்லை. இங்கே மணியும் இல்லை, பூசாரியும் இல்லை என்றதும் ஆண்பிள்ளைகளுக்குத் தைரியம் வந்துவிட்டது. ஒருவன் தோளில் கை போட்டுப் படம் எடுத்தான். இன்னொருவன் மடியில் ஏறி உட்கார்ந்தான். கேமரா வைத்த செல்போன் அப்போதுதான் வந்திருந்தது. வாரா வாரம் தொட்டுத் தொட்டு அந்தக் கல்லே சில இடங்களில் மினுமினுப்பாகிவிட்டது.

சித்தி மூன்று வாரம் பார்த்தாள். நான்காவது வாரம் காவலாளியிடம் போனாள்.

“பாத்துக்கிட்டு சும்மா நிக்கியளே, வெரட்டக் கூடாதா?”

அவர் பீடியை அணைத்துவிட்டு மரியாதையாகச் சிரித்தார். “கல்லுதானுங்க அம்மிணி. அதுக்கென்ன கூச்சமா வந்துரப் போகுது?”

“வெறும் கல்லுன்னா தொடுததுக்கு என்னத்துக்கு வாரானுவ?”

அவர் அணைத்த பீடியை மறுபடி பற்ற வைத்தார். வீட்டுக்கு வந்து சோறு வடிக்கும்போது சித்தி சொன்னாள். “ஏட்டி, அடுத்த வாரம் இஞ்சி டேப்பை எடுத்துக்கிட்டுப் போவோம். நீ மேல ஏறி அளவெடு.”

இதைவிடப் பெரிய பொறுப்பு எனக்கு அதுவரை யாரும் கொடுத்ததில்லை. மறு ஞாயிறு மதியம், ஊரே பிரியாணி தின்றுகொண்டிருக்கும் நேரத்தில், நான் கல்லின் மடியில் ஏறி நின்று அளவைக் கத்தினேன். சித்தி கீழே நின்று உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொண்டாள். எந்நேரமும் குழந்தைகள் பனியன் தைக்கிறவளுக்கு அந்த மார்பளவைக் கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கையில்தான் சிக்கல். தூக்கிய கை தூக்கியபடியே இருப்பவளுக்குத் தலைவழியாக எதையும் மாட்ட முடியாது. முதுகைத் திறந்துவிட்டுப் பட்டன் வைக்கலாம் என்று நான் யோசனை சொன்னேன்.

“பட்டன் வச்சா அவிழ்த்துருவானுவ. தோளையும் பக்கத்தையும் தெறந்து வச்சுத் தச்சுட்டு, கடைசித் தையல அவ மேல வச்சே ஊசியில போட்டுருவோம்,” என்றாள்.

துணிக்கு என்ன செய்வது? கட்டிங் வேஸ்ட்டில் கிடைப்பதெல்லாம் கையகலத் துண்டு. அவள் கம்பெனியில் அப்போது வெளிநாட்டுக் குழந்தைகளுக்கான ஓர் ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. மஞ்சள் துணியில் பச்சைக் குடை பிடித்த வாத்துகள். பிரிண்ட் ஒரு நூல் விலகினாலும் அந்தத் துண்டைக் கழித்துவிடுவார்கள். கழித்ததையும் வெளியே விடமாட்டார்கள், கிழித்துத்தான் போடுவார்கள். பொருள் கப்பல் ஏறும் முன்னால் டிசைன் வெளியே தெரிந்தால் முதலாளிக்கு ஆர்டர் போய்விடும். வேலை முடிந்து போகும் பெண்களைக் கேட்டில் சோதித்துத்தான் அனுப்புவார்கள். ஆனாலும் ஒவ்வொரு நாள் சாயங்காலமும் சித்தியோடு நாலைந்து வாத்துகள் வீட்டுக்கு வந்தன. அம்மாவின் கால் மிஷினில் அவற்றை ஒட்டுப்போட்டுத் தைத்தாள். அது எந்த வழியில் வந்தது என்று அம்மாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு மதியம் அந்தப் பெண்ணுக்குச் சட்டை போட்டோம். தோளில் ஒரு சுருக்கம் விழவில்லை. தோளிலும் கையிடுக்கிலிருந்து இடுப்புவரையிலும் சித்தி நெருக்கமாகத் தையல் போட்டு, முடிச்சைப் பல்லால் கடித்து நறுக்கினாள். பிறகு எதிரே புல்லில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். சித்தி அப்படிக் காலை நீட்டி உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். சாயங்காலம் வழக்கமான கூட்டம் வந்தது. வாத்துகளைப் பார்த்துச் சிரித்தார்கள், ஒருவன் விசிலடித்தான். ஆனால் ஒருத்தனும் மடியில் ஏறவில்லை. வாத்துப் போட்ட சட்டைக்கு இருக்கிற மரியாதை பெண்ணுக்கு இல்லை என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆனால் அந்தப் பூங்காவுக்கு ஒரு காலை வேளைக் கூட்டமும் உண்டு என்பது எங்களுக்குத் தெரியாது. சர்க்கரை வியாதிக்காக நடக்க வரும் முதலாளிகள். கப்பலில் ஏற வேண்டிய தன் வாத்துகள் ஆற்றங்கரையில் குடை பிடித்துக்கொண்டிருப்பதை சித்தியின் முதலாளி பார்த்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவருடைய சூப்பர்வைசர் எங்கள் லைன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். அந்த ஓவர்லாக் வரிசையில் வேலை செய்கிற பெண்களின் வீடு வீடாகப் போய் வந்திருக்கிறார் போல. சித்தி குழாயடியில் இருந்தாள். நான் வாசலில் தனியாக விளையாடிக்கொண்டிருந்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்து நீட்டினார்.

“இங்க வா கண்ணு. ஆத்துக்கிட்ட அந்தப் பொம்மைக்கு ஒரு சட்டை போட்டுருக்குதே, என்ன ஜோரா இருக்குது! ஆரு சாமி அதைத் தெச்சது?”

“எங்க சித்திதான். அளவெடுத்தது நான்!”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அதுவாவது தன்னைத்தான் கெடுத்துக்கொள்கிறது. நான் சாக்லேட்டைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டு, தையல் எங்கே ஆரம்பித்து எங்கே முடிந்தது என்பதுவரை விளக்கிச் சொன்னேன்.

சித்தி குடத்தோடு வந்தபோது அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்களும் வாசலில் கூடிவிட்டார்கள். அவர்களில் கம்பெனிக்குப் போகாதவர் யாரும் இல்லை. சூப்பர்வைசர் குரலை உயர்த்தவே இல்லை. அந்த ஊரின் மரியாதை அப்படி, கழுத்தை அறுக்கும்போதும் ‘ங்க’ போட்டுத்தான் அறுப்பார்கள்.

“நாளையிலிருந்து கம்பெனிக்கு வர வேண்டாமுங்க. போலீசுக்கெல்லாம் போக வேண்டாம்னு மொதலாளி பெரிய மனசு பண்ணிட்டாருங்க. ஊர்ல உங்கப்பாவுக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிருவோமுங்க.”

சித்தி குடத்தை இறக்கி வைத்தாள். அப்பாவுக்கு என்றதும் அம்மா அழ ஆரம்பித்தாள், சித்தி அழவில்லை.

“எனக்கு ஒரே ஒரு சந்தேகமுங்க,” என்றார் அவர். “கேட்ல அத்தனை செக்கிங் இருக்குதே. அதைத் தாண்டி எப்படிங்க வெளிய வந்துச்சு?”

சித்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். “ஒங்க வாச்மேன் தெனமும் எங்க மேல எங்கெங்க கை வைப்பான்னு எனக்குத் தெரியும். மூணு தடவ ஒங்ககிட்டயே வந்து சொன்னேன். செக்கிங்னா அப்படித்தான்னு சொல்லி அனுப்புனிய. முழங்காலுக்குக் கீழ மட்டும் அவன் தொட்டதே இல்ல. அங்க சுத்திக் கட்டிக்கிட்டு வந்தேன்.”

அத்தனை பெண்களும் தரையைப் பார்த்தார்கள். நான் மட்டும் கைதட்டிச் சிரித்தேன். கண்ணாமூச்சி ஆட்டத்தில் யாரும் தேடாத இடத்தில் ஒளிந்துகொண்ட மாதிரி என் சித்தி ஒரு பெரிய வாச்மேனையே ஏமாற்றிவிட்டாளே!

அம்மா என் முதுகில் ஓங்கி வைத்தாள். வாயிலிருந்த சாக்லேட் மண்ணில் விழுந்தது. சித்திதான் என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

“அவள எதுக்குக்கா அடிக்க? அவளுக்கு என்ன தெரியும்? தெரியாமலே இருக்கட்டும்.”

நான்காம் நாள் தாத்தா வந்து சித்தியைக் கூட்டிக்கொண்டு போனார். வைகாசியில் கல்யாணம் நடந்தது, அந்த ஆளோடுதான். எதற்காக அடி வாங்கினேன் என்று எனக்கு வெகுகாலம் புரியவில்லை. பத்து வருஷம் கழித்து, முதல் நாள் வேலை முடிந்து, நானும் ஒரு கேட்டில் செக்கிங் வரிசையில் நின்றேன்.