பேல் லோடருக்கு விடிந்த நேரம்

ஐ.டி. வேலையை விட்டுவிட்டுப் பண்ணை வாங்கப் போகிறேன் என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வாரத்துக்கு ஒருவர் அறிவிக்கிறார். அறிவிக்கட்டும், ஆசைப்பட விசா தேவையில்லை. ஆனால் அறிவித்த கையோடு எனக்குத் தனியாக மெசேஜ் வருகிறது: "அங்கிள், நீங்கதான் ஃபார்ம் வச்சிருக்கீங்களே, டிப்ஸ் குடுங்க." என்னிடம் இருப்பது ஒரே ஒரு டிப். அதைச் சும்மா சொன்னால் சிரிப்பீர்கள். அதனால் நடந்ததைச் சொல்லிவிட்டு அதைச் சொல்கிறேன்.

ஹூஸ்டன் பக்கத்து ரிஃபைனரி ஒன்றில் பம்ப்பும் கம்ப்ரசரும் பார்த்தே காலம் தள்ளியவன் நான். ரிட்டயர் ஆனதும் ஊருக்கு மேற்கே ஒரு மணி நேர டிரைவில் கொஞ்சம் நிலம், ஒரு பழைய டிராக்டர், ஏழு மாடு என்று ஆகிவிட்டது. மாடுகள் என் மனைவி வசந்தாவின் ஏற்பாடு. காவேரி, வைகை என்று வரிசையாக நதிகளின் பெயர். அதில் தாமிரபரணிக்கு ஒரு கண் தெரியாது. வசந்தாவுக்கு அதன் மேல்தான் உயிர். பக்கத்துப் பண்ணைக்காரர் டேலுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையாததால் 'டாமி' என்பார். நம் ஊரில் அது நாய்க்கு வைக்கிற பெயர் என்று அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

லோடர் வந்தது

மாட்டுக்குக் குளிர்காலத் தீனி, காயவைத்த புல். அதை மிஷின் சதுரக் கட்டுகளாகக் கட்டி வயல் முழுக்கப் போட்டுவிட்டுப் போகும். பேல் என்பது அந்தக் கட்டுதான். குனிந்து தூக்கி டிரெய்லரில் போட வேண்டியது நம் பாடு. முதல் வருஷம் அப்படித் தூக்கிவிட்டு நான் நான்கு நாள் சோபாவை விட்டு எழுந்திருக்கவில்லை.

என் நிலைமையைப் பார்த்த டேல், தன் அப்பா காலத்து பேல் லோடர் ஒன்றை ஷெட்டிலிருந்து இழுத்து வந்தார். வசந்தா போட்ட எலுமிச்சை ஊறுகாய் இரண்டு பாட்டில்தான் விலை. டேல் பேசுவது டெக்ஸஸ் ஆங்கிலம். அதைத் தமிழில் தருகிறேன், கெட்ட வார்த்தைகளைக் கழித்துக்கொண்டு.

"இது என்னைவிட வயசானது. ஆனா என்னைவிட நல்லா வேலை செய்யும். கையை மட்டும் உள்ளே விடாதே."

டிராக்டரின் பக்கவாட்டில் மாட்டுகிற இரும்புச் சரிவு அது. நடுவில் பல் வைத்த சங்கிலி. வாயில் மாட்டுக் கொம்பு மாதிரி இரண்டு கம்பி. வயலில் கிடக்கிற கட்டுக்கு நேராக இதன் வாய் வருகிற மாதிரி டிராக்டரை விட்டால், கொம்பு கட்டைத் திருப்பி உள்ளே தள்ளும், சங்கிலி கவ்விக்கொண்டு மேலே ஏற்றி, பின்னால் வருகிற டிரெய்லரில் தள்ளிவிடும். மோட்டார் கிடையாது. தரையில் உருளுகிற அதன் சொந்தச் சக்கரம்தான் சங்கிலியைச் சுற்றும். டிராக்டர் மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாக, வேகமாகப் போனால் அதுவும் வேகமாக. இவ்வளவுதான் சூத்திரம். இதைவிடப் பத்து மடங்கு சிக்கலான மிஷினோடு குடித்தனம் நடத்தியவன் நான். இது எம்மாத்திரம் என்று நினைத்தேன்.

முதல் நாள் நான் டிராக்டரில், வசந்தா டிரெய்லரில். வருகிற கட்டை வாங்கி அடுக்குவது அவள் வேலை. முதல் கட்டு அழகாக ஏறியது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை, கியரை மாற்றினேன். கொஞ்ச நேரத்தில் பின்னால் கை ஆட்டுவது தெரிந்தது. சபாஷ் போடுகிறாள் என்று நானும் கை ஆட்டிவிட்டு இன்னும் வேகமாகப் போனேன். வரிசை முடிந்து திரும்பிப் பார்த்தால், இடுப்பு வரைக்கும் பேல், தலைமுடியெல்லாம் புல், முகத்தில் கொலைவெறி.

"என்னங்க, என்னை அடுக்கறதுக்கா கூட்டிட்டு வந்தீங்க?"

அன்றிலிருந்து அவள் டிராக்டரில், நான் டிரெய்லரில். இந்த ஏற்பாடு இன்றுவரை மாறவில்லை.

பொட்டு வைத்தாகிவிட்டது

போன வருஷம் கோடை முழுக்க மழை இல்லை. எங்கள் கவுன்டியில் யாரிடமும் புல் இல்லை, வாங்கலாம் என்றாலும் கிடைக்காது. எங்களுக்கு ஒரே ஒரு வெட்டு தேறியது, அதுவும் செப்டம்பர் கடைசியில். டேல் வந்து கட்டுப் போட்டுக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இது வீணாப் போனா மாட்டை ஏலத்துக்கு அனுப்ப வேண்டியதுதான். வேற வழியில்லை." ஏலத்தில் ஒற்றைக்கண் மாட்டை எதற்கு வாங்குவார்கள் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அன்று மாலையே ஏற்றிவிடலாம் என்றேன். மறுநாள் ஆயுத பூஜை. டிராக்டரையும் லோடரையும் டிரெய்லரையும் அவள் காலையிலேயே கழுவித் துடைத்து வைத்திருந்தாள்.

"கழுவின டிராக்டரை மறுபடி புழுதியில இறக்குவீங்களா? மழை வெள்ளிக்கிழமைன்னுதானே ஆப்ல போட்டிருக்கான்? விஜயதசமி காலையில எடுத்தா போச்சு."

சரி என்றேன். கட்டிக்கொண்ட நாளிலிருந்து சொல்லிப் பழகிய வார்த்தை.

மறுநாள் பூஜை அமர்க்களம். டிராக்டருக்குச் சந்தனம், குங்குமம். லோடரின் இரண்டு கொம்புக்கும் பொட்டு, நடுவில் சாமந்தி மாலை, சரிவின் உச்சியில் மாவிலைத் தோரணம். கார், டிரெய்லர், என் ஸ்பேனர் செட், ரத்த அழுத்தம் பார்க்கிற மிஷின் வரைக்கும் எல்லாவற்றுக்கும் பொட்டு. டேல் வந்து பொரியையும் சுண்டலையும் ஒரு கை பார்த்துவிட்டு, "லோடருக்கு இந்த மரியாதையை என் அப்பா செய்ததே இல்லை" என்று நெகிழ்ந்து போனார்.

மதியம் மூன்று மணி இருக்கும். அதே டேல் பிக்கப் டிரக்கில் பறந்து வந்தார்.

"மழை முன்னாடியே வருது. இன்னிக்கு எட்டு மணிக்குள்ள அடிச்சுக் கொட்டும். டிராக்டரை எடு!"

நான் வசந்தாவைப் பார்த்தேன். அவள் டிராக்டரைப் பார்த்தாள்.

"பூஜையில வச்சதை எடுக்கக் கூடாது. நாளைக்குக் காலையில புனர் பூஜை பண்ணிட்டுத்தான் தொடணும்."

"வசந்தா, மழை அதுவரைக்கும் காத்திருக்காதும்மா."

"அதுக்காக? சாமிகிட்ட கொடுத்துட்டுப் பாதியில பிடுங்கறதா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இருந்தாலும் அவளைக் குறை சொல்ல முடியாது. ஆஸ்பத்திரி பார்மசியில் ஆயுசு முழுக்க வேலை பார்த்தவள். மாத்திரையை நேரம் தவறிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்த்துப் பார்த்து, சாமிக்கும் அதே கணக்கு. இதில் மில்பிடாஸில் இருக்கும் அவள் அக்கா சரோஜாவோடு இருபது வருஷச் சண்டை வேறு. அக்காவுக்குப் பண்டிகை எல்லாம் இந்தியா டைம். கலிபோர்னியாவில் சாயங்காலம் நாலு மணிக்கு எழுந்து பிரம்ம முகூர்த்தம் என்று எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர். வசந்தா அதைக் கேட்டாலே சிரிப்பாள். "சூரியன் இங்க உதிக்கும்போதுதான் இங்க விடியும். இதுல என்ன கன்ஃப்யூஷன்?" என்பாள்.

டேல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "ஞாயித்துக்கிழமை நானும் மிஷினைத் தொடமாட்டேன். புரியுது. என் டிரக்குக்குப் பொட்டு வைக்கலையே? வா, கையால தூக்குவோம்."

தூக்கினோம். மூன்று பேருக்கும் சேர்த்து இருநூறு வயது. வசந்தாவும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தூக்கினாள். ஒரு டிரக்கில் எவ்வளவு கொள்ளும்? கொண்டுபோய்க் கொட்டகையில் இறக்கிவிட்டு வருவதற்குள் மேற்கே மேகம் இன்னும் கறுத்திருக்கும். ஆறரை மணிக்கு என் இடுப்பு "போதும்டா சாமி" என்றுவிட்டது. வயலில் முக்கால்வாசி அப்படியே கிடந்தது. டாமி வேலியோரம் நின்று, தெரிகிற கண்ணால் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. வசந்தா ஒரு கட்டின் மேல் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். சத்தம் போட்டு அழவில்லை, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அப்போது அவள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் சரோஜா அக்கா.

"விஜயதசமி வாழ்த்துகள் வசந்தா! இப்பதான் புனர் பூஜை முடிச்சேன்."

வழக்கமாக இந்த இடத்தில் வசந்தா, "இங்க இன்னும் ஆயுத பூஜையே முடியலை, நீ வேற" என்று போனை வைப்பாள். அன்று வைக்கவில்லை. மேகத்தைப் பார்த்தாள். டாமியைப் பார்த்தாள்.

"அக்கா... நம்ம திருச்சியில பிரம்ம முகூர்த்தம் வந்தாச்சா?"

இருபது வருஷத்தில் வசந்தா கேட்காத கேள்வி.

"வந்தாச்சுடி," என்றார் அக்கா, மெதுவாக. "ஏன் கேக்கற?"

"நிச்சயமா வந்தாச்சா?"

"அங்க இருக்கற நம்ம அண்ணனே இப்ப போன்ல பேசினார். வாசல் தெளிச்சாச்சாம். என்னடி ஆச்சு உனக்கு, உடம்பு சரியில்லையா?"

வசந்தா போனை என் கையில் கொடுத்துவிட்டு ஓடினாள். கற்பூரத்தை ஏற்றினாள், மூன்று சுற்று. டிராக்டரின் நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம். சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

"என்ன பார்க்கறீங்க? விடிஞ்சாச்சு. ஏறுங்க!"

டேலுக்கு விளக்கம் சொல்ல நேரமில்லை. "இந்தியாவில் காலை" என்றேன். "நல்ல இடம்" என்று அவரும் டிரெய்லரில் தாவி ஏறினார்.

டிராக்டர் நகர்ந்தது. மாலையைக் கழற்ற யாருக்கும் ஞாபகம் இல்லை. முதல் கட்டு மாலையைப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி ஏறி வந்தது, வந்த வேகத்தில் தோரணத்தை அறுத்து டேலின் தொப்பியில் மாட்டியது. அவர் அதை எடுக்கவே இல்லை. மாவிலைத் தோரணத்தோடு நின்று கட்டுகளை வாங்கி வாங்கி எனக்குத் தள்ளினார். வசந்தா ஓட்டிய வேகத்தைப் பார்த்து, நான் முதல் நாள் ஓட்டியது நடை என்று தெரிந்துகொண்டேன். கை ஆட்டினேன். அவள் திரும்பிப் பார்த்துக் கை ஆட்டிவிட்டு இன்னும் வேகமாகப் போனாள்.

கடைசி லோடு கொட்டகைக்குள் நுழையும்போது முதல் சொட்டு விழுந்தது. அதற்கப்புறம் பெய்த மழையில் முற்றத்தில் ஆள் தெரியவில்லை. நனைந்தது வயலில் விடுபட்ட பன்னிரண்டு கட்டும், கொட்டகைக் கதவைச் சாத்த ஓடிய நானும்தான். ஏழு மாடும் குளிர்காலத்தைத் தாண்டின, டாமி உட்பட.

அந்த ஒரே டிப்

மறுநாள் காலை வசந்தா எழுந்து குளித்து, எங்கள் டெக்ஸஸ் டைமுக்கு இன்னொரு தடவை புனர் பூஜை செய்தாள். "நேத்து பண்ணியாச்சே?" என்றேன்.

"அது லோடருக்கு. இது எனக்கு."

அக்கா சும்மா விடுவாரா? அடுத்த வாரமே போன். "அப்ப தீபாவளியும் இந்தியா டைம்தானே?" வசந்தா பல்லைக் கடித்துக்கொண்டு பேச்சை மாற்றினாள்.

தம்பிகளே, டிராக்டர் எந்த வருஷத்து மாடல், லோடரின் சங்கிலி தேய்ந்திருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பண்ணை வாங்குவதற்கு முன்னால், உங்களோடு ஒத்துப்போகாத சொந்தக்காரர் ஒருவரோடு பேச்சை அறுத்துக்கொள்ளாமல் இருக்கிறீர்களா என்று பாருங்கள். என் டிப் இதுதான்.

இந்த வருஷம் புல் வெட்ட நாள் குறிக்க டேல் வந்தபோது, வசந்தா ஆப்பைத் திறக்கவில்லை. "இருங்க, அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்" என்று மில்பிடாஸுக்குப் போன் போட்டாள்.