அட்டை ஏறிய சவர்க்காரம்

இடது காலில் இரத்தம் வடிய, வலது கால் சுத்தமாக, தோளில் சவர்க்காரப் பெட்டியோடு தோட்டத்துப் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தேன். அட்டை கடித்த இடம் வலிக்காது. இரத்தம்தான் லேசில் நிற்காது. செருப்பு வழுக்கியது, கழற்றிப் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டேன். காலையில் ஏற்றிக்கொண்டு போன அதே கனம். ஒரு கட்டிகூட விற்கவில்லை.

அப்போது கலவான பஸாரில் ஒரு முஸ்லிம் முதலாளியின் பலசரக்குக் கடையில் வேலை. சாமான்களைத் தூக்கிக்கொண்டு மேலே உள்ள தோட்டங்களுக்குப் போய் விற்க வேண்டும். விற்ற அளவுக்குத்தான் கூலி. அதற்கு முன் யட்டியாந்தோட்டைப் பக்கம் ரப்பர் பால் சுமந்தேன். குருவிட்டவில் மாணிக்கக் குழியில் தண்ணீர் இறைத்தேன். எங்கும் நிலைத்ததில்லை. பள்ளிக்கூடத்திலிருந்தும் அப்படித்தான் பாதியில் எழுந்து வந்தேன்.

எல்லா விலையும் தாறுமாறாக ஏறிய அந்த நெருக்கடிக்குப் பிறகு, விலைகள் ஒருவழியாக ஓரிடத்தில் வந்து நின்றன. அதன் பிறகுதான் சாமான்கள் இளைக்கத் தொடங்கின. தூக்கி விற்கிறவனுக்கு அது முதலில் தெரியும். விளக்குமாற்றைத் தரையில் தட்டினால் ஈர்க்கு உருவிக்கொண்டு வந்தது. தீக்குச்சியை உரசினால் மருந்து மட்டும் தனியாகப் பறந்தது, குச்சி கையில் நின்றது. வாளியைத் தண்ணீரோடு தூக்கினால் பிடி மட்டும் மேலே வந்தது. உறையும் நிறமும் விலையும் மாறவில்லை. லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனங்கள் என்னைத்தான் ஏசினார்கள். கேட்டுக்கொண்டு அடுத்த லயத்துக்குப் போவேன். வாளிப் பிடி போனால் கயிறு கட்டிச் சமாளிக்கலாம்.

சவர்க்காரத்தை அப்படிச் சமாளிக்க முடியாது. நான் விற்கப் போன அந்தத் தேயிலைத் தோட்டம் காட்டை ஒட்டியது. மழை விட்டாலும் ஈரம் விடாது; புல்லுக்குப் புல் அட்டை. கொழுந்தெடுக்கும் பெண்கள் துணி துவைக்கிற சவர்க்காரத்தை லேசாக நனைத்து, முழங்கால் வரை தடிப்பாகப் பூசி, காயவிட்டுத்தான் மலைக்குப் போவார்கள். அந்தக் காரம் இருக்கும்வரை அட்டை ஏறாது.

அன்று மத்தியானம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெட்டியை இறக்கினேன். வழக்கமாக மொய்க்கிறவர்கள் தள்ளியே நின்றார்கள். ஓர் அக்கா மட்டும் கிட்டே வந்தார். அட்டை மிகுந்த ஓடையோரத் தேயிலை நிரையில் கொழுந்தெடுக்கிறவர். காலெல்லாம் சொறிந்து புண்ணாகிப்போன கடிகள்.

“சவுக்காரத் தம்பி, இத அப்படியே கொண்டுபோயி ஒங்க முதலாளி கால்ல பூசி, ஓடைக்குள்ள ஒரு நாளைக்கு நிக்கச் சொல்லுங்க.”

“ஏங்க்கா, எப்பவும் வாங்குறதுதானே?”

“ஒறை எப்பவும் வாங்குறதுதான். உள்ள இருக்கிறது மாவு. பனி பட்டாலே கரைஞ்சு ஓடுது. நான் கொழுந்து எடுக்கிறதா, அட்டை புடுங்கிறதா?”

அட்டை பிடுங்கக் குனிகிற நேரத்தில் கை கொழுந்தில் இல்லை. தராசில் நிறை குறைந்தால், வேலையை மேற்பார்க்கும் கங்காணி அரைப் பேர்தான் போடுவார். பேர் என்பது ஒரு நாள் சம்பளம். புதுச் சவர்க்காரம் வந்ததிலிருந்து அக்காவுக்கு அரைப் பேராகவே விழுந்துகொண்டிருந்தது. வீட்டில் சம்பாதிக்கிற வேறு ஆள் இல்லை.

“கங்காணி, என்னைய மேல் நெரைக்கு மாத்துங்கன்னு எத்தன தடவ கேக்கிறது?” என்று தராசுப் பக்கம் திரும்பினார்.

“ஓடைக்கு ஒரு ஆள கூட்டிட்டு வா. அன்னைக்கே மாத்துறேன். ஹரியா?” என்றார் கங்காணி, தராசை விட்டுக் கண்ணெடுக்காமல். ‘சரி’ என்பதைச் சிங்களத்தில் ‘ஹரி’ என்பது அவர் வழக்கம்.

“யாரு வருவா? ஒங்க மாமியாரையா கூப்பிட?”

எல்லோரும் சிரித்தார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். “சவுக்காரத்துல ஒரு குறையும் இல்லைங்க, இப்ப அட்டைதான் கூடிப்போச்சு” என்றேன்.

அக்கா மடியிலிருந்து ஒரு பொலித்தீன் பொட்டலத்தை எடுத்தார். அதே சவர்க்காரத்தின் பழைய துண்டு, கல்லாகக் காய்ந்திருந்தது. அடைமழை நாளுக்கென்று சேமித்து வைத்தது.

“காச்சட்டைய மடிங்க தம்பி.”

“மாப்பிள்ளைக்கு நலுங்கு வைக்கிறாங்க டோய்!” என்று கூட்டத்தில் ஒருத்தி கத்தினாள்.

வலது காலில் பழையதைப் பூசினார். இடது காலில் என் பெட்டியிலிருந்து உடைத்துப் பூசினார். இரண்டும் காய்ந்த பிறகு ஓடையோரப் புல்லில் நிற்க வைத்தார்கள். அட்டைகள் வாலில் எழுந்து நின்று தலையை ஆட்டி மோப்பம் பிடித்து வந்தன. வலது காலைத் தொட்டவை சுருண்டு திரும்பின. இடது காலில் படி ஏறுவதுபோல் ஏறின.

“அட்டைக்குத் தெரியுது. ஒங்க முதலாளிக்குத் தெரியலையா?” என்றார் அக்கா. கங்காணிகூடச் சிரித்தார். வெற்றிலை போட்டிருந்த ஒருத்தி என் காலில் எச்சிலைத் துப்பி, அட்டைகளை உதிர்த்துவிட்டாள்.

கடைக்கு வந்து சேர்ந்தபோது முதலாளி என் இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். ஒரு கட்டியை எடுத்து உறையைப் பிரித்து அழுத்தினார். முன்பெல்லாம் கத்தி இல்லாமல் வெட்ட முடியாத கட்டி, கையிலேயே உடைந்தது.

“வெலை அதேதானே ஈக்குது” என்றார்.

“அதைத்தான் அவங்களும் சொல்றாங்க.”

“ஊட்லயும் ஏசுறாங்க, கல்லுல வச்சா காணாமப் போகுதுண்டு. நான் என்னடா செய்ற? நானா காச்சினேன்? லொறியில வார சாமான். லொறிக்காரன் திருப்பி எடுக்கவும் மாட்டான்.” கொஞ்சம் யோசித்தார். “நாளைக்கு டவுன் பக்கத்துக்குக் கொண்டு போ. அங்க துணிக்குத்தான் பூசுவாங்க.”

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பெட்டியை மறுபடி தோளில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. சொன்னேன். வேலையை விட்டதற்கு அவர் கோபப்படவில்லை, பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார், என் கூலியில் மிச்சம் இருந்ததைக் கொடுத்தார். அன்று பஸ் நிறுத்தத்தில் படுத்துக்கொண்டேன்.

விடிந்ததும் தோட்டத்துக்கு ஏறினேன். வேறு எங்கே போவதென்று யோசிக்கவும் இல்லை. ஆட்களைக் கூட்டும் பெரட்டுக் களத்தில் யார் எந்த மலைக்கு என்று பிரித்துக்கொண்டிருந்த கங்காணி, கையில் பெட்டி இல்லாமல் வந்த என்னைப் பார்த்தார்.

“ஓடை நெரைக்கு ஆள் கேட்டீங்களே” என்றேன்.

“கொழுந்து எடுப்பியா?”

“எடுத்ததில்ல.”

“எடுத்தவங்க யாரும் அங்க வரவும் மாட்டாங்க. ஹரி, போ.” பிறகு கூட்டத்தில் நின்ற அக்காவைப் பார்த்து, “ஓடைக்கு ஆள் வந்துட்டான், நீ மேல போ” என்றார்.

அக்கா என்னை ஒரு கணம் பார்த்தார். ஈரம் படாமல் என் இடுப்பில் தடித்த படங்குச் சீலையை இறுக்கிக் கட்டிவிட்டார். கூடைக் கயிறு தலையில் எங்கே உட்கார வேண்டும் என்று காட்டினார். பெண்கள் வழியெல்லாம் என்னைக் கேலி பண்ணிக்கொண்டே நடந்தார்கள்.

சாயந்தரம் தராசில் எனக்கு அரைப் பேர் விழுந்தது. அக்காவிடம் எவ்வளவு என்று கேட்டேன்.

“முழுப் பேரு” என்றவர் என் கூடைக்குள் கைவிட்டுக் கிளறினார். “இதென்ன தம்பி, பாதி தண்டா இருக்கு? ஃபெக்டரிக்கு அனுப்பப் போறீங்களா, அடுப்புக்கா?”