சந்தனமேரியின் மேட்டுப்பாத்தி

என் வீட்டுக்கும் மிக்கேலம்மாள் வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு மண்சுவர் ஒன்றுதான். சுவருக்கு இந்தப் பக்கம் என் தோட்டம். தோட்டம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு புடலைப் பந்தல், நாலு வெண்டை, ஒரு வரிசை கத்தரி, கூரைமேல் ஏறிய சுரை. எங்கள் ஊர் பசுவந்தனையில் அதற்கே நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கிணற்றுத் தண்ணீர் உப்பு. ஊருணித் தண்ணீர் குடிக்க மட்டும். அரிசி களைந்தது, பாத்திரம் கழுவியது, குளித்தது என்று எல்லாத் தண்ணீரையும் பிடித்துவைத்து வேரில் ஊற்றினால்தான் ஒரு கூட்டுக்குக் காய் கிடைக்கும். கரிசலில் காய்கறி போடுகிறவளுக்குக் கோபம் வராமல் இருக்காது. எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே வரும். என் வீட்டுக்காரர் வன்னியபெருமாளைக் கேட்டால் விவரமாகச் சொல்வார்.

சந்தனமேரி அந்த வீட்டுக்கு வந்தது அணா போய் நயா பைசா வந்த வருஷம். மிக்கேலம்மாளின் கொழுந்தன் அருள்மணியின் மனைவி அவள். கல்யாணமான கையோடு இரண்டு பேரும் மேற்கே மலைக்குத் தேயிலை பறிக்கப் போனவர்கள். அங்கே அவர்களுக்கு ஒரே ஒரு பையன். நாலு வயதில் காய்ச்சலில் போய்விட்டான். அதற்குப் பிறகு அவள் கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போவாளாம், சாயங்காலம் வெறுங்கூடையோடு திரும்பி வருவாளாம். அருள்மணி எத்தனை நாள்தான் பார்ப்பான்? அவளைக் கூட்டிவந்து அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு மறுநாள் பஸ்ஸிலேயே மலைக்குப் போய்விட்டான். அவன் வேலையையும் விட்டுவிட்டால் சோற்றுக்கு எங்கே போவது? அவனைக் குறை சொல்வதற்கில்லை.

அவள் அழவே இல்லை. துட்டி கேட்க வந்தவர்கள்தான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவர்கள் அழுது முடிக்கும்வரை தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள், முடிந்ததும் காபி போட உள்ளே போனாள். சாப்பிடு என்றால் சாப்பிட்டாள். படு என்றால் படுத்தாள். கோயிலில் முழங்கால் போடச் சொன்னால் போட்டாள், யாராவது எழுப்பினால்தான் எழுந்தாள். கோவில்பட்டிக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினார்கள். அவர் டானிக் எழுதிக் கொடுத்தார். அதையும் குடித்தாள். பாட்டில் தீர்ந்த பிறகும் தினம் அந்த ஸ்பூனைக் கழுவி அதே இடத்தில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு தடவ அழுதுட்டா தேவலை மதினி,” என்று மிக்கேலம்மாள் சுவரோரம் வந்து சொல்வாள். “வீட்டுக்குள்ள ஒரு ஆளு நடமாடுது. ஆனா ஆளைக் காணோம். பாக்கப் பாக்க எனக்கு ஈரக்கொலை நடுங்குது.”

வந்து ஒரு மாதம் இருக்கும். ஒரு நாள் சந்தனமேரி தானாகவே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு புறவாசலுக்கு வந்தாள். மலையில் கூலிக்காரர்களுக்குக் கொடுத்த லயத்து வீட்டுக்குப் பின்னால் அவள் போடாத காய் இல்லை என்று அருள்மணி சொல்லியிருந்தான். முடிச்சில் பீன்ஸ் விதையும் பட்டாணி விதையும் கொண்டுவந்திருந்தாள். மிக்கேலம்மாளுக்கு வாயெல்லாம் பல். கைக்கு வேலை வந்துவிட்டது, இனி மனசும் வந்துவிடும் என்றாள். எனக்கும் சந்தோஷம்தான். சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சுத்துணைக்கு ஒரு தோட்டக்காரி கிடைத்தால் கசக்குமா?

ஆனால் அவள் போட்ட பாத்தியைப் பார்த்ததும் என் சந்தோஷம் போய்விட்டது. மண்ணைக் கூட்டி மேடாக்கி, ஓரங்களை மண்வெட்டியின் பின்புறத்தால் தட்டித் தட்டி வழவழப்பாக்கியிருந்தாள். மலையில் அது சரி. அங்கே மாதக்கணக்கில் மழை நிற்காமல் பெய்யும், மேட்டில் நடாவிட்டால் வேர் அழுகிவிடும். எங்கள் ஊரில் மழை வருவதே பெரிய விருந்தாளி வருகிற கதை. இங்கே குழி தோண்டி, வருகிற தண்ணீரைப் போகவிடாமல் நிறுத்த வேண்டும். அதோடு, பாத்தி என்றால் நீளமாகப் போக வேண்டாமா? இரண்டு முழத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். அதுவும் ஒன்றே ஒன்று.

“ஏட்டி, இது ஒங்க மலை இல்ல,” என்றேன். “இங்கன குழி எடுக்கணும். மேட்டுல ஊத்துனா அம்புட்டும் வழிஞ்சு போயிரும்.”

“சரி மதினி,” என்றாள். அதே மேட்டில் பீன்ஸை ஊன்றினாள்.

பீன்ஸ் முளைத்து இரண்டு இலை விட்டது. பங்குனி வெயில் அடித்த வாரமே சுருண்டது. பட்டாணி முளைக்கவே இல்லை. பாவம் என்று நான் வெண்டை விதையும் கொத்தவரை விதையும் கொடுத்தேன். சும்மா எறிந்தாலே வளர்கிற சாதி இரண்டும். அந்த மேட்டில் அதுவும் காய்ந்து செத்தது. மலைக் காயைப் பற்றிக் கேட்டால் யாரோ வீட்டுச் சங்கதியைச் சொல்கிற குரலில் சொல்வாள்.

“அங்கன கோஸு தன்னால வளரும் மதினி. பனியே ஊத்திரும். நாம ஒண்ணும் செய்யத் தேவையில்ல.”

எனக்குத் தாங்காதது அவள் தண்ணீர் ஊற்றுகிற விதம். சாயங்காலமானால் சின்னக் குடத்தோடு வருவாள். செடி எங்கே இருக்கிறது என்றே பார்க்க மாட்டாள். ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரைக்கும் மேலே, பக்கவாட்டில் எல்லாம் மெல்லிசாக ஊற்றுவாள். ஊற்றிவிட்டு உள்ளங்கையால் மண்ணைத் தடவிவிடுவாள். செடியெல்லாம் செத்துச் சருகான பிறகும் இதேதான். மழைக்காலத்தில் மட்டும் நிறுத்தினாள், வெயில் வந்ததும் மறுபடி குடத்தோடு வந்தாள்.

“வேருல ஊத்துட்டி! செத்த செடிக்கு எவளாவது தண்ணி ஊத்துவாளா?” என்று கத்துவேன்.

“சரி மதினி.”

அந்த ‘சரி மதினி’யைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பித்தம் தலைக்கு ஏறிவிடும். ஊருணி வற்றிய நாட்களில் மிக்கேலம்மாளுக்கும் பொறுமை போனது. கழுவின தண்ணீர் போதாமல் சந்தனமேரி தன் குடிதண்ணீர்ச் செம்பையும் கொண்டுவந்து கவிழ்த்ததை அவள் பார்த்துவிட்டாள். குடிக்கத் தண்ணியில்லாத ஊரில் இது என்ன கொழுப்பு என்று அன்றைக்கு நன்றாக வைதாள். சந்தனமேரி நின்று முழுவதையும் கேட்டாள். மறுநாள் தன் பங்குக் குளியல் தண்ணீரில் பாதியைக் குளிக்காமல் எடுத்துவைத்து மேட்டுக்கு ஊற்றினாள்.

மறு வருஷம் தை மாதம் மிக்கேலம்மாளின் மூத்த மகளுக்கு வளைகாப்பு. தலைப்பிரசவம், தாய் வீட்டுக்கு வருகிறாள். புறவாசலில் சமையலுக்குப் பந்தல் போட வேண்டும் என்று தரையைச் சமப்படுத்த மண்வேலைக்காரன் உச்சிமாகாளியைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் சுவரில் கையூன்றி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அந்த மேட்ட மொதல்ல தட்டு உச்சிமாகாளி,” என்றாள் மிக்கேலம்மாள். “ஒரு வருசமா ஒரு காய் தரல. நடு எடத்துல முட்டிக்கிட்டுல்லா நிக்கி.”

அவன் மண்வெட்டியை ஓங்கினான். சந்தனமேரி மாவுக் கையோடு அடுப்படியிலிருந்து வந்தாள். ஓடி வரவில்லை, எப்போதும் நடக்கிற நடைதான். மேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதன்மேல் கையை வைத்தாள்.

“அண்ணாச்சி, அங்கன மட்டும் வேண்டாம்.”

அவள் வாயிலிருந்து ‘வேண்டாம்’ என்ற வார்த்தை வந்து நாங்கள் கேட்டதே இல்லை. உச்சிமாகாளி மண்வெட்டியை இறக்கிவிட்டான்.

“ஏட்டி, அப்பிடி என்ன அதுல வெளஞ்சு கொட்டுது?” என்றாள் மிக்கேலம்மாள்.

“வெளையுததுக்கு இல்லக்கா. அது அவன் அளவு.”

அவளே மேற்கொண்டும் சொன்னாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

“அங்கன அவனப் பொதச்ச எடத்துல மழையில மேடு கரைஞ்சிரும். ஒவ்வொரு மழை விட்டதும் நாந்தான் போயி மண்ணள்ளிப் போட்டு மேடாக்குவேன். இப்ப அங்கன யாரு போடுதா? அவிய வேலைக்குப் போறவிய. அதான் இங்கன ஒண்ணு வச்சிருக்கேன். இந்த மண்ணு கரையாது, வெடிக்கும். வெடிப்புக்குள்ள வெயிலு எறங்கும்லா. அதுக்குத்தான் ஊத்துதேன்.”

“பெறவு வெதை எதுக்குட்டி போட்ட?” என்று கேட்டேன்.

“வெறும் மண்ணுக்கு ஊத்துனா வைவாவ. செடிக்குன்னா வைய மாட்டாவ மதினி.”

மிக்கேலம்மாள் அப்படியே மண்ணில் உட்கார்ந்து, “எங்கிட்டச் சொல்லக் கூடாதாட்டி பாவி,” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். சந்தனமேரி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பிறகு மாவு காய்ந்துவிடும் என்று எழுந்து உள்ளே போனாள். உச்சிமாகாளி மேட்டை விட்டுவிட்டு மற்ற இடத்தைச் சமப்படுத்தினான். பந்தல் கொஞ்சம் தள்ளிப் போடப்பட்டது.

கரிசல் வெடிப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சித்திரையில் முழங்கை வரைக்கும் உள்ளே போகும். கோழிக்குஞ்சு விழுந்து காணாமல் போயிருக்கிறது. அந்த வெடிப்பை ஒரு குடம் தண்ணீரால் அடைக்க முடியாது. அவள் எதற்கு ஊற்றுகிறாள் என்று தெரியாமல் இத்தனை நாள் அவளிடம் வேர், குழி என்று பாடம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். மறுநாள் காலையில் சுவரோரமாக என் பக்கத்தில் ஒரு குழி எடுத்து, எரு போட்டு, பூசணி விதை ஊன்றினேன். பூசணிக்கு இலை பெரிது. தரையை மூடிவிட்டால் வெயில் உள்ளே போகாது, மண் வெடிக்காது. கொடி வந்ததும் சுவர்மேல் ஏற்றி அந்தப் பக்கம் இறக்கிவிட்டேன். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

கொடி நன்றாகவே ஓடியது. மிக்கேலம்மாளின் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்த சமயம், சித்திரை வெயிலில் ஊரே வெடித்துக் கிடந்தபோது, அந்த மேடு மட்டும் இலையால் மூடிக் கிடந்தது. எனக்கு உள்ளூரப் பெருமை தாங்கவில்லை.

ஒரு சாயங்காலம் சந்தனமேரி குடத்தோடு வந்தாள். ஒரு இலையைத் தூக்கிப் பார்த்தாள். இன்னொன்றைத் தூக்கினாள். குனிந்து மேட்டை முழுக்கத் தடவிப் பார்த்தாள். நான் சுவரோரம் நின்றிருந்தேன். நல்ல வார்த்தை ஒன்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

“வெடிப்பே இல்ல மதினி,” என்றாள்.

“இருக்காதுட்டி. எலை மூடிட்டுல்லா. இனி நீ ஊத்தவே வேண்டாம்.”

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் நிற்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“அப்ப அவனுக்கு இனி நா வேண்டாமா மதினி?”

அவள் முகம் கோணியது. அந்த முகம் கோணி நான் பார்த்ததே இல்லை. குடம் சாய்ந்து, தண்ணீர் அவள் காலில் சிந்திக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் என் பழைய கோபம்தான் எனக்குக் கைகொடுத்தது.

“ஏ கூறுகெட்டவளே, தண்ணியச் சிந்தாத!” என்று கத்தினேன். “எலைதாம்ட்டி அங்கன இருக்கு. வேரு இங்கன, எம்பக்கம் இருக்கு. இங்கன ஒரு நாளு ஊத்தாம விட்டா அங்கன அம்புட்டும் கருகிரும். பெறவு வெயிலு எறங்காதா? எவ வந்து ஊத்துவா?”

அவள் சுவரைப் பார்த்தாள். குடத்தைச் சுவர்மேல் வைத்து நீட்டியிருந்தால் நானே ஊற்றியிருப்பேன். அவள் நீட்டவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்து, முன்வாசல் வழியாக இறங்கி, தெருவைச் சுற்றி வந்தாள். தெருவில் வரும்போதே அவள் அழுகிற சத்தம் கேட்டது. வாய்விட்டு, பெருங்குரலில். கைவேலையைப் போட்டுவிட்டுச் சனங்கள் வெளியே வந்து பார்த்தார்கள். மிக்கேலம்மாள் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தாள்.

சந்தனமேரி என் தோட்டத்துக்குள் வந்து, “எங்கன மதினி?” என்று கேட்டாள். குழியைக் காட்டினேன். அழுதுகொண்டே குனிந்து, அங்கே இங்கே இறைக்காமல், வேரிலேயே மெதுவாக ஊற்றினாள். கடைசிச் சொட்டு வடிகிற வரைக்கும் குடத்தைக் கவிழ்த்துப் பிடித்திருந்தாள்.

“நாளைக்கும் வரட்டா?” என்றாள்.

“வராம இருந்து பாரு, தெரியும் சேதி,” என்றேன்.

மறுநாளும் வந்தாள். அதற்குப் பிறகு அந்தக் கொடி இருந்தவரைக்கும் அதற்கு நான் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை.