ரயிலக்காவின் சைக்கிளுக்கு எவ்வளவு காற்று

"என் மனைவி ரத்தம் சுமக்கிறாள்" என்றுதான் தையல்காரர் தன் வாடிக்கையாளர்களிடம் சொல்வார். கேட்டவர் திடுக்கிட்டு நிமிர்ந்த பிறகுதான் மீதியைச் சொல்வார். ஊருக்குள் இருந்த சின்னச் சின்ன மருத்துவமனைகளில் நோயாளிகளிடம் எடுத்த ரத்தத்தை விரல் நீளக் குழாய்களில் அடைத்து வைத்திருப்பார்கள். அவற்றைக் குளிர்பெட்டியில் வாங்கிச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு, பாலத்துக்கு அப்பால் இருந்த பரிசோதனைக்கூடத்தில் சேர்ப்பதுதான் அவள் வேலை. "ரயில்கூட லேட்டாகும், இந்த அக்கா லேட்டாக மாட்டாங்க" என்று ஒரு நர்ஸ் எப்போதோ சொல்லப்போய், ரயிலக்கா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

அதற்கு முன்னால் அவள் பெரிய மருத்துவமனை ஒன்றின் சலவைக்கூடத்தில் இருந்தாள். காலையில் உள்ளே போனால் நீராவி, சோப்பு, ஈரப் போர்வை. மாலையில் வெளியே வரும்போதுதான் அன்றைக்கு வெயிலா மழையா என்றே தெரியும். சைக்கிள் வேலை கிடைத்ததும் அவளுக்குக் கூண்டைத் திறந்துவிட்டது போல இருந்தது. சம்பளம் கூடவில்லை. ஆனாலும் வீடு திரும்பும்போது முகத்தில் ஒரு தெளிவு இருந்ததைத் தையல்காரர் கவனித்தார்.

அவர் வாய்விட்டுப் பாராட்டுகிற ஆள் இல்லை. அதற்குப் பதிலாக ஒன்று செய்தார். தினமும் காலையில் தையல் மிஷினில் உட்காருவதற்கு முன், வாசலில் நிற்கும் அவள் சைக்கிளுக்குக் காற்று அடித்தார். கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். டயர் கொஞ்சம் அமுங்கினாலும் மறுபடி பம்பை எடுப்பார். விரலால் சுண்டினால் டங்கென்று சத்தம் வர வேண்டும், அதுதான் அவர் கணக்கு. "காத்து கம்மியா இருந்தா வண்டி இழுக்கும். என் பொண்டாட்டிக்கு முழங்கால் வலிக்கும்" என்பார். வேலை கிடைத்த நாளிலிருந்து ஒருநாள்கூட அவர் இதைத் தவறவிட்டதில்லை. காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூடப் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து அடித்துவிட்டுப் போய்ப் படுத்தார்.

இப்படியே போய்க்கொண்டிருந்திருக்கும். ஆனால் பாலத்துச் சாலையைக் குழாய் பதிக்கத் தோண்டினார்கள். குழாய் பதித்தார்கள், மண்ணைத் தள்ளினார்கள், மேலே ஜல்லியைக் கொட்டினார்கள். தார் போட வேண்டியவர்கள் வரவேயில்லை. ரயிலக்கா அந்த ஜல்லிமேல் தடதடவென்று போய் வந்தாள். பல் கிடுகிடுத்தது, கைப்பிடி அதிர்ந்தது, ஆனால் நேரம் தவறவில்லை. அதில் அவளுக்குப் பெருமைதான்.

ஒருநாள் பரிசோதனைக்கூடத்து மேடம் அவளை உள்ளே கூப்பிட்டார். வயதில் ரயிலக்காவைவிட மிகவும் சின்னவர், தடித்த கண்ணாடி போட்டவர். இரண்டு குழாய்களை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். ஒன்றில், அடியில் சிவப்பும் மேலே வைக்கோல் நிறத் தெளிநீருமாகப் பிரிந்திருந்தது. இன்னொன்றில் தெளிநீரே சிவந்து கிடந்தது.

"அக்கா, இது கெட்டுப்போச்சு. ரத்தத்துல இருக்கற அணுக்கள் உடைஞ்சிருக்கு. ரொம்பக் குலுங்கினா இப்படி ஆகும். இந்த வாரம் நீங்க கொண்டுவந்ததுல நிறைய இப்படித்தான் இருக்கு."

"நான் கீழ எங்கயும் போடலையே மேடம்!"

"போட்டீங்கன்னு சொல்லல. ஆனா இதுல டெஸ்ட் பண்ணினா தப்பான ரிசல்ட் வரும். மறுபடி எடுக்கச் சொல்லணும்."

மறுபடி எடுக்கும்போது ரயிலக்கா பக்கத்திலேயே நிற்க வேண்டியதாயிற்று. ஓய்வுபெற்ற இசை ஆசிரியை ஒருவர், நூல் போன்ற நரம்புகள். நர்ஸ் இந்தக் கையில் தேடினாள், அந்தக் கையில் தேடினாள். கடைசியில் புறங்கையில் குத்தினாள். ஆசிரியை கண்ணை மூடிக்கொண்டு, "என்னம்மா, என் ரத்தம் உங்களுக்கு அவ்வளவு பிடிச்சுப்போச்சா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ரயிலக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் புறங்கை நீலம் பாரித்ததைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அன்று மாலை பெட்டிக்கு அடியில் பழைய தலையணையை மடித்து வைத்துக் கட்டினாள். குலுக்கல் கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. மெதுவாக ஓட்டிப் பார்த்தாள். நேரம் தவறிவிடும் போலிருந்ததால் விட்டுவிட்டாள். மோட்டார் பைக் வைத்திருக்கும் ஒருவருக்கு அந்தப் பாதையைக் கொடுக்கலாமா என்று பரிசோதனைக்கூடத்து முதலாளி யோசிப்பதாக மேடமே வருத்தத்தோடு சொன்னார். சொல்லிவிட்டு வாசல்வரை கூட வந்தவர், ஏதோ தோன்றி டயரை அழுத்திப் பார்த்தார்.

"அக்கா, இது டயரா கருங்கல்லா?"

"எங்க வீட்டுக்காரர் அடிக்கற காத்து, மேடம்."

"கொஞ்சம் குறைச்சுப் பாருங்களேன். ஒவ்வொரு கல்லையும் இது அப்படியே பெட்டிக்குத் தூக்கிக் கொடுக்குதே."

யோசனை சரிதான். வீட்டில் போய் அதை எப்படிச் சொல்வது? காற்றைக் குறையுங்கள் என்பது, இத்தனை வருஷமாக நீங்கள் செய்தது தப்பு என்பதுபோல ஆகிவிடாதா? ரயிலக்கா இரண்டு நாள் மென்று விழுங்கினாள். மூன்றாம் நாள் காலை, தெருமுனை திரும்பியதும் சைக்கிளை நிறுத்தி, வால்வை அழுத்தி இரண்டு டயரிலிருந்தும் காற்றைப் பிடுங்கிவிட்டாள். எவ்வளவு என்று அளவெல்லாம் இல்லை. உஸ்ஸென்ற சத்தம் மனசை உறுத்தியபோது நிறுத்தினாள்.

ஜல்லியில் வண்டி மெத்தைமேல் போவது போலப் போனது. ஆனால் மிதிக்க மிதிக்க நகரவில்லை. சேற்றில் இழுக்கிற மாதிரி தொடை கடுத்தது. பாலத்துக்கு முன்னால் ஒரு பள்ளம். தொம்மென்று இறங்கியதும் பின்சக்கரத்தின் இரும்பு வளையமே கல்லில் மோதியது. புஸ்ஸென்று எல்லாம் போயிற்று.

அவள் சைக்கிளைப் பாலத்துக் கம்பியோடு பூட்டிவிட்டு, பெட்டியைக் கையில் அணைத்துக்கொண்டு நடந்தே போனாள். ரயிலுக்கு வாழ்க்கையில் முதல் தாமதம். ஆனால் மேடம் குழாய்களை மிஷினில் வைத்துச் சுழற்றி எடுத்துப் பார்த்துவிட்டு, "எல்லாமே சுத்தமா இருக்கு அக்கா!" என்றார். அப்படியானால் குலுக்கல்தான் காரணம். அதில் சந்தேகமே இல்லை.

மாலையில் தையல்காரர் டியூபைக் கழற்றினார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டைகள், பாம்பு கடித்தது போல.

"காலைல நான் அடிச்ச காத்துல இப்படி ஆகாதே" என்றார்.

"நான்தாங்க பிடுங்கிவிட்டேன்."

அவர் டியூபை ஒட்டினார், கை கழுவினார், சாப்பிட உட்கார்ந்தார். ரயிலக்கா ரத்தம், குழாய், இசை ஆசிரியையின் புறங்கை எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தட்டையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு..."

"எனக்கென்ன கஷ்டம்? நான் உனக்காகத்தானே அடிச்சேன், டயருக்காகவா அடிச்சேன்?" என்றார். குரலில் கொஞ்சம் கோபம் இருந்தது. பிறகு தானாகவே சிரித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தெரிந்த சைக்கிள் கடையிலிருந்து காற்றழுத்தம் காட்டும் மீட்டர் வைத்த பம்பை இரவல் வாங்கி வந்தார். பழைய பம்பால் வழக்கம்போல டங்கென்று வரும்வரை அடித்துவிட்டு, மீட்டரை மாட்டிப் பார்த்தார். முள் எண்பதைத் தாண்டி நின்றது. டயரின் பக்கவாட்டில் இருந்த எழுத்தைத் துடைத்துப் படித்தார். எழுபது.

"இதுக்கு மேல போகாதேன்னு போட்டிருக்கான். நான் இதையும் தாண்டி அடிச்சிருக்கேன். இது வெடிக்காம இருந்ததே உன் நல்ல நேரம்."

"அப்ப எழுபது அடிங்க."

"அது எப்படி? இதுக்கு மேல போகாதேன்னா, இதுவரைக்கும் போன்னு அர்த்தமா? வர்ற ஆளை நிக்க வச்சு அளவெடுக்காம சட்டை தைச்சா எப்படி இருக்கும்? பெட்டியைக் கட்டு. ஏறி உட்காரு."

பெட்டியில் தண்ணீர்ப் பாட்டில்களை நிரப்பிக் கட்டினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். தையல்காரர் கழுத்தில் இருந்த அளவு நாடாவை எடுத்து, தரையில் மண்டியிட்டு, டயர் எவ்வளவு அமுங்குகிறது என்று பார்த்தார்.

"உன் எடை எவ்வளவு?"

"எதுக்கு?"

"கணக்குக்குத்தான்."

"பெட்டியோட சேர்த்தா, சேர்க்காமலா?"

"உன்னை மட்டும்."

"அப்ப தெரியாது" என்றாள்.

எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இருக்கும்போது உலகமே கேட்டாலும் அவள் சொல்லியிருக்க மாட்டாள்.

எடை தெரியாமலே ஒன்று புரிந்தது. அவளும் பெட்டியும் பெரும்பாலும் பின்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தார்கள். முன்சக்கரத்துக்கு அவ்வளவு சுமை இல்லை. இரண்டுக்கும் ஒரே அளவு என்பது தந்தைக்கும் மகனுக்கும் ஒரே பேன்ட் தைக்கிற மாதிரி என்று முணுமுணுத்துக்கொண்டே முன்னால் குறைத்தார்.

பிறகு பாலத்துச் சாலைக்குப் போனார்கள். குலுக்கலை எப்படி அளப்பது? தையல்காரர் ஒரு தகர டப்பாவில் சட்டைப் பொத்தான்களைப் போட்டு கேரியரில் கட்டினார். அவள் ஜல்லிமேல் ஓட்ட, அவர் பின்னாலேயே ஓடிச் சத்தம் கேட்டார். எழுபதில் பொத்தான்கள் கல்யாண மேளம் கொட்டின. அறுபதில் கொஞ்சம் அடங்கின. நாற்பதில் சத்தமே இல்லை, ஆனால் அவள் மூச்சு வாங்கினாள், வளையமும் கல்லைத் தொட்டது. மறுபடி ஏற்றினார், மறுபடி ஓடினார். கடைசியில் பின்னால் ஐம்பத்தைந்து, முன்னால் நாற்பத்தைந்து என்று நின்றது. டப்பாவில் மெல்லிய கிலுகிலுப்பு மட்டும் கேட்டது. அவளுக்கும் மிதிக்கச் சுகமாக இருந்தது.

"முழங்கால் வலிக்குதா?" என்று மூச்சிரைக்கக் கேட்டார்.

"எனக்கு இல்ல. உங்களுக்கு?"

அவர் பாலத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆற்றுக்காற்று நன்றாக வீசியது. ஒரு வேலையும் இல்லாமல் இருவரும் சேர்ந்து வெளியே உட்கார்ந்து எத்தனையோ காலமாயிற்று. அவசரமாக எழுந்திருக்க இருவருக்கும் மனமில்லை.

அந்த வாரம் வந்த குழாய்கள் தெளிவாக இருந்தன. அடுத்த வாரமும் அப்படியே. மேடம் முதலாளியைக் கூட்டி வந்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மோட்டார் பைக் பேச்சு அதோடு அடங்கியது. சில மாதங்களில் ஆற்றுக்கு அக்கரையில் புதிதாகத் திறந்த மருத்துவமனைகளையும் ரயிலக்காவிடமே ஒப்படைத்தார்கள். அங்கிருந்து பரிசோதனைக்கூடம்வரை நல்ல தார்ச்சாலை, ஆனால் தூரம் அதிகம்.

அதனால் தையல்காரருக்கு இப்போது வேலை கூடிவிட்டது. சொந்தமாகவே மீட்டர் பம்ப் வாங்கிவிட்டார். காலையில் காபித் தம்ளரோடு வாசலுக்கு வந்து, "இன்னிக்கு எந்தப் பக்கம்?" என்பார். அக்கரை என்றால் கொஞ்சம் ஏற்றுவார். மழை பெய்திருந்தால் வழுக்குமே என்று கொஞ்சம் இறக்குவார். ரயிலக்கா செருப்பு மாட்டிக்கொண்டே, போதும் போதும், நேரமாச்சு என்பாள். அவர் அவசரப்படமாட்டார். முள் நிற்கிற இடத்தைக் குனிந்து ஒருமுறை சரிபார்த்துவிட்டுத்தான் வண்டியை அவள் கையில் கொடுப்பார்.