வால்நட் மேசையில் ஒரு கறை

எங்கள் ஸ்ரீவராகம் வீட்டு மரமெல்லாம் பலா. வைகாசி நடுவில் இடவப்பாதி மழை பிடித்தால் கதவுகள் உப்பிக்கொண்டு சாத்த மறுக்கும். அத்தையின் தையல் மிஷின் மேசை மட்டும் வேறு குலம்; அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த கறுப்பு வால்நட். எந்த மழைக்கும் அது வளைந்து கொடுத்ததில்லை.

அதை வாங்கித் தந்த அத்திம்பேர் ரங்கூனுக்குப் போய் அங்கேயே வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டார். சேதி வந்த அன்று அப்பா, கூடத்தில் மாட்டியிருந்த அவருடைய படத்தைக் கழற்றச் சொன்னார். அந்த முகம் வேண்டுமென்கிறவர்கள் இந்த வீட்டுப் படி இறங்கலாம் என்றும் சொன்னார். அத்தை படத்தை எடுத்துக்கொண்டு போனாள். பரணில் போட்டாயிற்று என்றாள்.

அதன்பிறகு மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டுதான் தைப்பாள். மத்தியானங்களில் நான் கீழே படுத்து, தலைக்குமேல் மிஷின் ஓடுவதைக் கேட்பேன். தூரத்தில் மழை வருவதுபோல இருக்கும். எப்போது தூங்கினேன் என்று தெரியாது. மிஷினுக்கு எண்ணெய் விட மட்டும் என்னை மேலே கூப்பிடுவாள். அப்போதெல்லாம் மேசைமேல் தையல் துணி விரிந்து கிடக்கும். எனக்கு அது பெரிய உத்தியோகம்.

ஒரு சரஸ்வதி பூஜைக்கு அந்த மேசையைக் கீழே இறக்கினார்கள். துடைக்கப் போன அம்மா அப்படியே நின்றுவிட்டாள். தேன் நிறத்தில் ரேகைகள் அலையலையாய் ஓடிய பலகையில், மிஷினுக்குப் பக்கத்தில், கடுங்காப்பி நிறத்தில் ஒரு திட்டு. மேல்பக்கம் வளைந்து, வாசல் மாதிரி இருந்தது.

"எண்ணெயைக் கொட்டினது நீதானேடி?"

நான் அழ ஆரம்பித்தேன். மரம் விற்கிற தடி டிப்போவில் குமாஸ்தாவாக இருந்த சித்தப்பா என்னைக் காப்பாற்ற வந்தார்.

"கொழந்தையை ஏன் வையறேள் மன்னி? பலான்னா வெயில் பட்டுக் கறுக்கும். இது வால்நட்டாக்கும், வெயில் பட்டா வெளுத்துப்போகும். இந்த எடத்துலே வெயில் படலை, அவ்வளவுதான். வருஷக்கணக்கா இதுமேலே என்னமோ..."

பாதியில் நிறுத்திக்கொண்டார். கூடத்துச் சுவரிலிருந்து கழற்றிய படத்தின் சட்டமும் மேலே வளைந்ததுதான். அத்தை புடவைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டு அப்பாவின் முகத்தையே பார்த்தாள். பாவம், அவளும் எண்ணெய்க்குத்தான் பயப்படுகிறாள் என்று நினைத்தேன்.

அப்பா சந்தனக் கிண்ணத்தோடு வந்து அந்தத் திட்டைப் பார்த்தார். பிறகு குனிந்து, மேசைக்கு ஒரு பொட்டு வைத்தார்.

"பூஜை முடிஞ்சதும் பழையபடி மாடியிலே கொண்டு வைங்கோ. வெயில் பட்டா தானே போயிடும்."

அப்பாடா என்றிருந்தது எனக்கு. அதன்பின் எண்ணெய் விடப் போனபோதெல்லாம் பார்த்தேன். ஜன்னல் வெயில் மேசை முழுக்கச் சோம்பலாய்ப் படுத்துக் கிடந்தது. சுற்றிலும் மரம் இன்னும் வெளுத்தது. திட்டு மட்டும் அப்படியே இருந்தது. சித்தப்பாவுக்கு மரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று முடிவு கட்டி, அப்பாவிடம் போய்ச் சொன்னேன்.

"வெளுக்கும், மெதுவா வெளுக்கும்," என்றார், பேப்பரிலிருந்து தலையெடுக்காமல். "நீ மேலே போறச்சே கதவைத் தட்டிட்டுப் போ, கேட்டியா?"

மரம் வெளுப்பதற்கும் கதவைத் தட்டுவதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. ஆனாலும் தட்டினேன்.